மந்தாரைக்குப் போர்த்திய மட்டைகள்

பீளமேட்டில் சாய்ப்ரியா வீட்டுத் தோட்டத்தின் அந்த மூலைக்குக் காற்று வராது. ஒருபக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் மில் கிடங்கின் உயரச் சுவர். காலை முழுக்க வெயில் மட்டும் வந்து நிற்கும். வெள்ளை மந்தாரையை அங்கேதான் நட்டிருந்தாள். தொண்ணூற்று நாலு மார்கழியில் செடி கடைசி இலையையும் உதிர்த்ததும், பனியில் பட்டுப்போகுமோ என்று பயந்து, அடியில் தேங்காய் மட்டைகளை அடுக்கி மூடினாள்.

"அதென்ன கைக்கொழந்தைங்களா அம்மணி, போத்தி உடறதுக்கு? சித்திரை வந்தா தன்னால தளிர் உடுமுங்க" என்று சிரித்தாள், குழந்தையைக் குளிப்பாட்ட வரும் மயிலாத்தாள்.

இரண்டு மாத ஹர்ஷாவையும் எண்ணெய் தேய்த்து அந்த வெயிலில்தான் தினமும் கிடத்துவார்கள்.

தை பிறந்து நாலாம் நாள். குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டைக் கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் சாய்ப்ரியா. கீழ்க்கிளையில் ஏதோ தொங்கியது. மில்லிலிருந்து பறந்து வந்த கழிவுப் பஞ்சு என்று நினைத்துத் தொட்டாள். செதில் செதிலாக, ஈரமாக இருந்தது.

குழந்தையை வாரிக்கொண்டு, செடியை விட்டுக் கண்ணெடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து படியேறினாள்.

மயிலாத்தாள் வந்து பார்த்தாள். "பாம்புச் சட்டைதானுங்க. உரிச்சு ஒரு நாள்கூட ஆவலை."

தொரட்டியால் மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். அடியில் ஒன்றும் இல்லை.

"எங்கியோ போயிருச்சுங்க. தண்ணி கொதிச்சுக் கெடக்குது, கொழந்தையைக் குடுங்க."

சாய்ப்ரியா கொடுக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் வெந்நீர் அடுப்புக்கென்று இந்த மட்டைகளில் பாதியை அவள்தான் அள்ளிக்கொண்டு போய்க் குளியலறையில் போட்டாள். மட்டைகளை மார்போடு அணைத்தபடி. விடிந்ததும் அதிலிருந்து நாலைந்தை எடுத்து அடுப்பு மூட்டியது மயிலாத்தாள்.

சாய்ப்ரியா அதைச் சொன்னதும் மயிலாத்தாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருவரும் குளியலறை வாசலில் நின்றார்கள். அடுப்பு எரிந்தது. யாரும் தொடாமல், குவியலின் மேலிருந்த மட்டை மெல்லச் சரிந்தது.

மயிலாத்தாள் கதவைச் சாத்தினாள். எண்ணெய் தேய்த்த குழந்தை கையில் வழுக்கிற்று. சாய்ப்ரியா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கணவன் சசிதர் பாம்பு பிடிக்கும் ஆளோடு வந்து திறந்தபோது, சிந்திய சாம்பலில் சாக்கடைத் துளை வரைக்கும் வளைந்த தடம் மட்டும் இருந்தது.

சித்திரையில் மந்தாரை வெள்ளையாகப் பூத்தது. சாத்திய ஜன்னலுக்கு உள்ளே, இடுப்பிலிருந்த ஹர்ஷா பூவைப் பார்த்துக் கை நீட்டினான். சாய்ப்ரியா செடியடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.