கட்டம் குறையாத பிரின்டர்

மருத்துவமனைச் சீருடை தைக்கும் பட்டறையின் சூப்பர்வைசர் அம்மா பேச்சை வளர்க்கிறவர் இல்லை. அளவுக்காரியை வரவழைத்து, ஒரு வெள்ளைக் கோட்டை அவள் முன்னால் மேசைமேல் விரித்துப் போட்டார். இரண்டு அக்குளிலும் தையல் வாயைப் பிளந்திருந்தது.

"எங்க பொண்ணு ஒருத்தி இதைப் போட்டுக்கிட்டு கையைத் தூக்குனா. அவ்வளவுதான்" என்றார். "குழந்தை டாக்டருக்குக் கோட்டுன்னுதான் சொன்னோம். டாக்டரே குழந்தையா இருக்கணும்னு சொல்லலையே."

அளவுக்காரி பிளந்த தையலை விரலால் தடவிப் பார்த்தாள். அந்தக் கோட்டை வெட்டியது அவள் வரைந்து கொடுத்த மாதிரியை வைத்துத்தான். அவள் தொழிலே அது. கம்ப்யூட்டரில் கையும் கழுத்தும் தோளுமாக வரைந்து, சாதாரணத் தாள்களில் துண்டு துண்டாக அச்சிட்டு, ஓரத்தோடு ஓரம் ஒட்டினால் ஆளுயரக் காகித மாதிரி தயார். பட்டறையில் அதைத் துணிமேல் வைத்துச் சுற்றிக் கத்தரிப்பார்கள். காகிதம் எப்படியோ கோட்டும் அப்படியே.

வியாழக்கிழமை வரை பொறுப்பதாகவும், அன்றைக்கும் கை தூக்க முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சூப்பர்வைசர் அம்மா சொல்லி அனுப்பினார். இந்த வேலை நிலைத்தால் வருடம் முழுக்க வேறு வேலை தேட வேண்டாம். நழுவினால், ஆயத்த ஆடைக் கம்பெனியின் கீழ்த்தளத்துக்கே திரும்பிப் போக வேண்டும். ஜன்னல் இல்லாத வெட்டும் கூடம். "எப்ப வேணும்னாலும் வாம்மா, உன் ஸ்டூல் அப்படியேதான் இருக்கு" என்று விடைகொடுத்த முதலாளி. அந்த ஸ்டூலை நினைத்தாலே அவளுக்கு இடுப்பு வலிக்கும்.

வீட்டில் அவளுடைய அலுவலகம் சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது. இயந்திரம் சுழலும்போது மேசையும் கூடவே ஆடும். அளவுக்காரி என்ற பெயர் புருஷன் வைத்தது. சோபா வாங்கப் போனால் கடைக்காரரையும் சேர்த்து அளந்துவிட்டு வருகிறவள் என்று அவன் சொல்வது கொஞ்சம்தான் மிகை. அப்படிப்பட்டவள் இந்த ஒரு தடவை அளக்கவில்லை. ஒவ்வொரு மாதிரியின் மூலையிலும் பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் ஒரு சோதனைக் கட்டம் அச்சாகும். அதை டேப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். பிரின்டர் ஒருநாளும் பிசகியதில்லை என்ற தைரியத்தில் விட்டுவிட்டாள். இப்போது வைத்துப் பார்த்தாள். கட்டம் ஒரு நகக்கண் குறைவு. ஒரு தாளுக்கு ஒரு நகக்கண் என்றால், தாளைத் தாளோடு ஒட்டித் தோளுக்கு வருவதற்குள் விரல் கணக்காகிவிடும்.

குற்றவாளியைத் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. பிரின்டர் மேசை மேலேயே இருந்தது. கொஞ்ச நாளாகவே தாளை உள்ளே இழுக்கும்போது முனகிக்கொண்டும் இருந்தது. வயசாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டியதுதான் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவுக்கு வந்தபோது, பக்கத்து அறையிலிருந்து டைரக்டர் கனைத்தார்.

டைரக்டர் என்பவர் புருஷனின் அண்ணன். ஏதோ ஒரு துறையில் துணை இயக்குநராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே அந்தத் 'துணை' கழன்று விழுந்துவிட்டது; அதைக் குனிந்து எடுக்க அவரும் மெனக்கெடவில்லை. தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று இரண்டு பெட்டிகளோடு வந்தார். எத்தனை சுவர் இருந்தாலும் இத்தனை நாள் ஆகாது என்று அளவுக்காரி மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். வாயால் சொல்லவில்லை. புருஷனுக்கு அண்ணன் என்றால் இன்றைக்கும் எழுந்து நின்றுவிடும் பழக்கம்.

பிரின்டர் வாங்குவது என்பது பெண்கள் நினைப்பதுபோல் பிரின்டர் வாங்குவது அல்ல, அது ஒரு கொள்முதல் நடவடிக்கை என்று டைரக்டர் விளக்கினார். தேவையை வகுக்க வேண்டும், மாற்று வழிகளை ஆராய வேண்டும், எதிர்கால நோக்கு வேண்டும். தாம் பதவியில் இருந்தபோது ஒரு நாற்காலி வாங்க மூன்று கூட்டம் போட்டதை நினைவுகூர்ந்தார். நாற்காலி வந்ததா என்று தம்பி கேட்டான். அதற்குள் தாம் மாற்றலாகிவிட்டதாக டைரக்டர் சொன்னார்.

மறுநாள் மூவரும் கடைக்குப் போனார்கள். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர், வந்த மூவரில் யாரிடம் பேச வேண்டும் என்பதை ஒரு பார்வையில் முடிவுசெய்து டைரக்டரிடம் பேசினார். இருவருக்கும் பொருத்தம் பிரமாதம். ஒருவர் "கனெக்டிவிட்டி" என்றால் மற்றவர் "ஸ்கேலபிலிட்டி" என்பார். தொலைபேசியிலிருந்து ஆணையிட்டால் அச்சிடுவது, தானே மை ஆர்டர் செய்துகொள்வது, குரல் கேட்டு விழித்துக்கொள்வது என்று வரிசையாக இயந்திரங்கள் நின்றன. ஃபேக்ஸ் வசதி இல்லாத அலுவலகத்தைத் தாம் அலுவலகமாகவே கருத முடியாது என்றார் டைரக்டர். கடைசியாக யாருக்கு ஃபேக்ஸ் அனுப்பினார் என்று யாரும் கேட்கவில்லை. விற்பனையாளர் பெருமையோடு ஒரு பொத்தானை அழுத்த, பளபளவென்று ஒரு பஞ்சவர்ணக் கிளி வெளியே வந்தது.

"கிளி நல்லாத்தான் இருக்கு" என்றாள் அளவுக்காரி. "எனக்கு ஒரு கட்டம் போட்டுக் காட்டுங்க."

"கட்டமா மேடம்?"

அவள் கைப்பையிலிருந்து பென் டிரைவையும் டேப்பையும் எடுத்தாள். கிளி போட்ட இயந்திரத்தில் கட்டம் போட்டார்கள். ஒரு பக்கம் சரியாக இருந்தது, மறு பக்கம் ஒரு இழை இழுத்திருந்தது. அடுத்ததில் கோடு ஓரத்தில் கசிந்தது. மூன்றாவது இயந்திரம் கட்டம் போடுவதற்கு முன் இணைய இணைப்பும் ஒரு கடவுச்சொல்லும் கேட்டது. விற்பனையாளர் முகத்தில் வெயில் குறைந்துகொண்டே வந்தது. அளவுக்காரி கேட்ட மற்றக் கேள்விகளும் அவருக்கு ருசிக்கவில்லை. மாதக் கணக்கில் சும்மா கிடந்து திடீரென்று கட்டுக் கட்டாக அச்சிட்டால் மை காயாதா? தாள் சிக்கினால் பின்பக்கத்தை நானே திறந்து எடுக்கலாமா? மைத்தூள் தீர்ந்தால் எங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்குமா, இல்லை கப்பலில் வர வேண்டுமா?

கடைசியில், கீழ்த்தட்டில், விலைச்சீட்டு திரும்பிக் கிடந்த ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரின்டரில் போட்டுப் பார்த்தாள். கட்டம் நான்கு பக்கமும் டேப்போடு ஒட்டி நின்றது. தாளைத் திருப்பிப் போட்டும், தட்டில் மிஞ்சிய கடைசித் தாளில் போட்டும் பார்த்தாள். அசையவில்லை.

"இது பிரின்டரா, ரொட்டி வைக்கிற டப்பாவா?" என்றார் டைரக்டர்.

"ரொட்டி சுடாது மாமா. விசாரிச்சுட்டேன்" என்றாள் அவள். புருஷன் சட்டென்று கிளியை ரசிக்கத் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, துணி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, புது டப்பாவை மேசையில் அமர்த்தினார்கள். கட்டம் போட்டாள். டேப் வைத்தாள்.

ஒரு நகக்கண் குறைவு.

மறுபடி போட்டாள். மறுபடியும் அதே நகக்கண். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்கு முன்னால் ஜன்னல் இல்லாத கூடமும் அந்த ஸ்டூலும் வந்து நின்றன. நாளைக்கு வியாழக்கிழமை. புருஷனுக்கு வந்தது கோபம். கடைக்காரன் காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது ஒன்று, இப்போதே போய்ச் சட்டையைப் பிடிக்கிறேன் என்று செருப்பை மாட்டினான். டைரக்டரோ வாசல் நிலையில் சாய்ந்து, முறையான கொள்முதல் நடைமுறையைக் கைவிட்டால் இதுதான் நடக்கும் என்றார். அந்தக் குரலில் வருத்தத்தைவிடத் திருப்தியே தூக்கலாக இருந்தது.

அளவுக்காரிக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது தொழில். கடையில் போட்டுப் பார்க்கும்போது பொருந்திய சட்டை வீட்டுக்கு வந்ததும் பொருந்தவில்லை என்றால், தையற்காரி முதலில் சட்டையைச் சந்தேகிக்க மாட்டாள். போட்டுக்கொண்டது அதே ஆள்தானா என்று பார்ப்பாள். பிரின்டர் அதே பிரின்டர். படம் அதே படம். கடையிலும் வீட்டிலும் மாறியிருப்பது ஒன்றே ஒன்று, கம்ப்யூட்டர்.

செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு அச்சுக்கான அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அவள் அந்தப் பக்கம் போயே வருடக்கணக்காகிறது. ஒருமுறை சரியாக வைத்ததைத் தொட மாட்டாள். 'தாளுக்குப் பொருத்து' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. எதை அச்சிட்டாலும், பழைய பிரின்டரோ புதியதோ, தாளின் ஓரத்துக்குள் அடங்கும்படி எல்லாவற்றையும் ஒரு சுற்று இளைக்க வைக்கும் டிக்.

"இதை யாரு போட்டது?"

"அதுவா?" என்றார் டைரக்டர், பாராட்டைப் பெற்றுக்கொள்ளத் தயாராக. "நான்தான் போட்டேன். நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தே. பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் அடிச்சேன். எல்லாம் ஒரே பக்கத்துல வந்துடுச்சு, என் கையெழுத்துப் பகுதி மட்டும் அடுத்த பக்கம் போயிடுது."

"கடிதம் அவ்வளவு பெருசா மாமா?"

"கடிதம் சின்னதுதாம்மா. பதவிப் பேரெல்லாம் போட வேண்டாமா?"

போட்டிருந்தார். முன்னாள் இயக்குநர், ஆலோசனைக் குழு முன்னாள் உறுப்பினர், குடியிருப்போர் சங்கக் கௌரவத் தலைவர் என்று கையெழுத்துக்குக் கீழே படிக்கட்டு மாதிரி இறங்கியது. அத்தனையும் ஒரு பக்கத்தில் அடங்குவதற்காக ஒரு டிக். அந்த டிக் அங்கேயே தங்கிவிட, பட்டறையில் ஒரு பெண் கையைத் தூக்க, அக்குள் கிழிந்தது.

புருஷன் அண்ணனைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். அண்ணன் எதிரில் உட்கார்ந்தான். உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அளவுக்காரி டிக்கை எடுத்துவிட்டுக் கட்டம் போட்டாள். டேப் வைத்தாள். நான்கு பக்கமும் நின்றது. அவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது, பக்க அமைப்பு என்பது ஒரு பொதுவான நிர்வாக முடிவு என்று டைரக்டர் சொன்னது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை.

பழைய பிரின்டரில் போட்டுப் பார்த்தார்கள். அதிலும் கட்டம் அச்சு அசலாக நின்றது. முனகியது என்னவோ உண்மை. ஆனால் முனகிக்கொண்டே ஒழுங்காக உழைத்திருக்கிறது. அதன் மேல் பழியைப் போட்டோமே என்று அளவுக்காரிக்குச் சங்கடமாக இருந்தது. புதியதைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று புருஷன் இழுத்தான். வேண்டாம் என்றாள். கோடு இதில் கத்தி மாதிரி விழுகிறது, பழையதற்கு இனி கட்டுக் கட்டாகச் சுமை ஏற்றக் கூடாது. தவிர, அவளுக்கு வேறொரு யோசனையும் இருந்தது.

"மாமா, உங்க எழுத்து வேலைக்குன்னு தனியா ஒரு பிரின்டர் இருந்தா வசதியா இருக்கும் இல்ல? பழசை நீங்களே வச்சுக்குங்க. உங்க வீட்டுல, உங்க மேசைல."

டைரக்டர் மெல்ல நிமிர்ந்தார். அமைப்பு ரீதியாகப் பார்த்தால் அது சரியான பங்கீடு என்று ஒப்புக்கொண்டார். வெள்ளையடிப்பு எப்போதோ முடிந்துவிட்டது, வாசனை போகட்டும் என்றுதான் இருந்தேன் என்பதும் பேச்சோடு பேச்சாக வெளியே வந்தது. சாயங்காலமே வாடகை வண்டியில் ஏறினார். பெட்டிகள் பின்னால், பிரின்டர் மடியில். வண்டி திரும்பும் வரை புருஷன் கையாட்டினான்; அளவுக்காரி அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டினாள்.

அன்றைக்கே முழு மாதிரியையும் அச்சிட்டாள். தாள்கள் முனகாமல், கோணாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. புருஷன் ஓரம் ஒட்டினான். ஒவ்வொரு ஒட்டுக்கும் அவள் டேப் வைத்தாள்.

வியாழக்கிழமை பட்டறையில், புது மாதிரியை வைத்து அவள் கண்முன்னாலேயே ஒரு கோட்டை வெட்டித் தைத்தார்கள். சூப்பர்வைசர் அம்மா இந்த முறை வேறு யாரையும் நம்பவில்லை, தானே மாட்டிக்கொண்டார். ஒரு கையைத் தூக்கினார். இரண்டு கையையும் தூக்கினார். ஏணி இல்லாமல் மேல்தட்டிலிருந்து பொத்தான் டப்பாவை எடுத்தார். அதுவும் போதாமல், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி செய்வதுபோல் தோளைச் சுழற்றினார். தையல் இயந்திரங்கள் நின்று, கூடமே வேடிக்கை பார்த்தது. எந்த இழையும் சத்தம் போடவில்லை.

"போன தடவை என்னதான் ஆச்சு?" என்றார்.

"எங்க வீட்டுல ஒருத்தருக்குப் பட்டம் ஜாஸ்தி. அதுக்கு இடம் போதலை" என்றாள் அளவுக்காரி.

சூப்பர்வைசர் அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் வீட்டிலும் அப்படி யாராவது இருக்கக்கூடும். "பேன்ட்டும் நீங்களே போட்டுக் குடுங்க. வருஷத்துக்கும் உங்க மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றாமலே தன் மேசைக்குப் போனார்.

அளவுக்காரி வாசல்வரை நிமிர்ந்து நடந்துவிட்டாள். அங்கே வந்ததும், சுவரோரம் கிடந்த வெள்ளைத் துணிக் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்து, நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள். வெட்டுகிற பெண் ஒருத்தி கத்தரிக்கோலோடு வந்து எதிரில் நின்றாள்.

"கொஞ்சம் எந்திரிங்கக்கா. நீங்க உக்காந்திருக்கறதைத்தான் உங்க பேப்பரை வச்சு இப்ப வெட்டணும்."