பீரோவுக்குப் பின்னால் ஒரு பச்சை யானை

“பெயிண்டுக்குப் பிடிச்சது போக அட்வான்ஸ்ல ஒண்ணும் மிஞ்சாதும்மா!” என்று வீட்டுக்காரர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. எதிர்வீட்டுக்காரி எனக்குக் கேட்காமல் போகுமா? துடைப்பத்தோடு அங்கே போய் நின்றேன்.

“அதை வச்சுத்தான் சார் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும். நான் சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கலியே!” என்றாள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த தையல்காரி.

ஆணி இல்லையென்றால் கறையாவது இருக்காதா என்று, வீட்டோடு கொடுத்திருந்த பழைய பீரோவை அவரே இழுத்தார். பின்சுவரில் பச்சைக் கிரேயானில் ஒரு யானை.

“பாத்தியா, உன் பிள்ளை பண்ணின வேலைய!”

“கல்யாணமே ஆகல, எனக்கு ஏது சார் பிள்ளை?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அது முன்னாடி இருந்த டிரைவரோட பையன் வரைஞ்சது, அண்ணே. பெயிண்ட் அடிக்கணும்னு அவர்கிட்டயும் பிடிச்சீங்களே, அடிச்சீங்களா, இல்ல பீரோவைத் தள்ளி மறைச்சுட்டு மறந்துட்டீங்களா? வெக்கமா இல்ல?”

கூட்டம் கூடிவிட்டது. தையல்காரிக்கு அட்வான்ஸ் முழுதாக வந்தது; அன்றே புது வீட்டுக்குப் போய்விட்டாள். மானத்தைக் காப்பாற்ற வீட்டுக்காரர் முதன்முறையாக ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டார். வந்த பெயிண்டர் வீட்டுக்காரர் மகளையே கட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போனார். அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்த வாடகை வீடுதான்.