ராகு காலத்து ரயில்கள்

வாணிக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். இந்தப் பதினைந்து வருஷத்தில் அவளும் அவள் புருஷன் முகுந்தனும் மட்டுமாக ஓர் ஊருக்குப் போனது கிடையாது. தேனிலவுக்குக் கேமரன் மலைக்குப் போனார்களே, அப்போதே வாடகை வேனின் பின்சீட்டில் முகுந்தனின் அண்ணன் குருவும், அவர் மனைவி லெட்சுமியும், மாமியார் வீரம்மாவும் சட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் மடியில் ரைஸ் குக்கர். புதுப்பெண் மலையைப் பார்த்தாளா, பனியைப் பார்த்தாளா? ஓட்டல் குளியலறையில் குனிந்து ஐந்து பேருக்கு அரிசி களைந்தாள்.

அதற்கப்புறம் லங்காவி, பினாங்கு, மேடான். எங்கே போனாலும் அதே கூட்டம், அதே குக்கர்.

அதனால்தான் இந்த வருஷம் அவள் முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

"என்னங்க, கல்யாண நாளுக்கு யூரோப் போறோம். ட்ரெய்ன்லயே சுத்துறோம். பாரிஸ், ஜூரிக், வெனிஸ், வியன்னா. நீங்களும் நானும் மட்டும். காதுல விழுந்துச்சா?"

"சரி லா, போவோம்" என்றான் முகுந்தன். அந்த ஒரு வார்த்தையை நம்பினாள், பாவி.

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பல் கிளினிக் வேலைக்குத் தினமும் கொமுட்டர் ரயிலில் போய்வருகிறவள் அவள். போகிற நேரமும் வருகிற நேரமும் போனில் ரயில் பார்ப்பதே வேலையாகிவிட்டது. எந்த ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஏரி தெரியும், எந்த ஸ்டேஷனிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டே ஓட்டலுக்கு நடந்துவிடலாம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பாரிஸிலிருந்து ஜூரிக்குக்குக் காலை ரயில் என்று முடிவு செய்திருந்தாள். வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்து, ஏரிக்கரையில் அவனோடு பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். பெரிய ஆசையா இது? இதற்குக்கூட ஒரு பொம்பளை திட்டம் போட வேண்டியிருக்கிறது.

எத்தனையோ வாயைப் பார்த்தவள் வாணி. ஆனால் முகுந்தனைப் போல ஓர் ஓட்டை வாயை அவள் கிளினிக்கிலேயே பார்த்ததில்லை. ரொட்டி சானாய் கடையில் அண்ணனோடு உட்கார்ந்தான், கொட்டிவிட்டான். மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் முளைத்தது. பெயர், 'யூரோப் ஃபேமிலி ட்ரிப்'. முதல் செய்தியாகக் குரு ஒரு பிள்ளையார் படம் போட்டார். அடுத்து ஈபிள் டவர்.

குருவுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் தொழில். மனுஷனையும் அப்படியே ஏற்றி இறக்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தன் வீட்டுக்கு வரச் சொல்லி, வாணியின் திட்டத்தைப் பிரித்து மேய்ந்தார்.

"நாலு ஊருக்கு எதுக்கு பத்து நாளு? ஏழு ஊரு பாத்துடலாம் லா. ஈபிள் டவர் கீழ நின்னு போட்டோ எடுத்தாச்சா, கெளம்பு. மேல ஏறி என்ன செய்யப் போறோம்?"

"சமையல்கட்டு இருக்கிற ரூமா பாரு வாணி" என்றாள் லெட்சுமி. "ரொட்டி திங்க அத்தைக்கு ஆகாது. நெத்திலி சம்பால நான் கட்டிக்கிறேன். நீ சோறு மட்டும் வச்சிடு, போதும்."

போதுமாம். ஜூரிக் வரைக்கும் போய் இவள் சோறு மட்டும் வைத்தால் போதுமாம்! வாணி முகுந்தனைப் பார்த்தாள். அவன் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு சிரத்தை, உலகத்திலேயே அந்த ஒரு முறுக்குத்தான் பாக்கி என்பதுபோல.

அப்புறம் குரு எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கோயில் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். இந்த வீட்டில் கார் வாங்கினாலும் சரி, பொண்ணு பார்க்கப் போனாலும் சரி, ராகு காலத்தில் யாரும் படி தாண்ட மாட்டார்கள்.

"ஒவ்வொரு ட்ரெய்னும் ராகு காலத்துக்கு வெளிய இருக்கணும். தம்புசாமி சித்தப்பா ராகு காலத்துல ஏறித்தான் லண்டன்ல பேக்கத் தொலைச்சாரு."

"ராகு காலம் எந்த ஊரு மணிக்கு மாமா?" வாணி நக்கலாகத்தான் கேட்டாள். அவ்வளவுதான், வீடே இரண்டுபட்டது.

"நம்ம கிள்ளான் மணிதான்" என்றார் வீரம்மா. "காலண்டரு இங்க அடிச்சதுதானே? ராகு ஊருக்கு ஒரு மணியா வச்சிருக்கான்?"

"ரெண்டையும் பாத்துக்குவோம் அத்தை, வம்பே வேணாம்" என்றாள் லெட்சுமி.

"ரெண்டையும் பாத்தா எப்பத்தான் ட்ரெய்ன் ஏறுறது?" குரு கையை ஓங்கி மேசையில் தட்டினார். "நாம எங்க நிக்கிறமோ அந்த ஊரு மணி. அதான் சட்டம்."

ஐரோப்பாவையே ஆளப் பிறந்தவர் மாதிரி ஒரு தீர்ப்பு. வாணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"ஒருவேளை ட்ரெய்ன் அந்த நேரத்துலதான் கெளம்புதுன்னா?"

"ஓசியில குடுத்தாலும் ஏற மாட்டேன். எங்க அம்மாவையும் ஏத்த மாட்டேன்."

வாணி காலண்டரைப் பார்த்தாள். அடடா, இத்தனை வருஷம் இது தோன்றாமல் போயிற்றே! தினமும் ஒன்றரை மணி நேரம் இந்தக் கூட்டம் அசையாது. பத்து நாளைக்கும் அசையாது. ராகு பகவானே, உன்னை இத்தனை நாள் சும்மா திட்டிவிட்டேன் என்று மனதுக்குள் கும்பிட்டாள்.

அந்த வாரம் கொமுட்டரில் உட்கார்ந்து தன் அழகான திட்டத்தைத் தானே கலைத்தாள். காலை ரயிலை விட்டுக்கொடுக்க மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் விட்டாள். பாரிஸிலிருந்து கிளம்புவது செவ்வாய்க்கிழமை. மூன்றிலிருந்து நாலரைக்குள் ஒரு ரயில் பிடித்தாள். வியாழக்கிழமை ஜூரிக்கிலிருந்து ஒன்றரைக்கு மேல். வெனிஸை விடுவது சனிக்கிழமை, ஒன்பதரைக்கு. ராகு காலத்தை இவ்வளவு பக்தியோடு பார்த்து டிக்கெட் தேடியவள் கிள்ளானிலேயே வேறு யாரும் இருக்க மாட்டாள்.

அந்த வாரச் சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து முகுந்தன் சோபாவில் சாய்ந்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து குரூப்பில் போட்டாள். 'இதுதான் ட்ரெய்ன் நேரம். இதில் மாற்றம் இல்லை. இன்றைக்கே புக் செய்கிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள்.'

காலண்டரை எடுத்துப் பார்க்கிற நேரம் ஆயிற்று. அப்புறம் பிடித்துக்கொண்டது.

'என்னம்மா இது? எல்லாமே ராகு காலம்!' என்று குரு எழுதினார். 'வேற ட்ரெய்ன் இல்லியா?'

'இருக்கு மாமா. நான் இதுலதான் போறேன்.'

'குடும்பத்த ராகு காலத்துல ஏத்தி எங்க அனுப்பப் பாக்குற?'

லெட்சுமி மூக்கில் புகை விடும் பொம்மைகளாக வரிசையாக அனுப்பினாள். வீரம்மா குரல் செய்தி அனுப்பினார். முழுக்க அழுகை, நடுவில் 'என் புள்ள' என்பது மட்டும் புரிந்தது. பிறகு 'குரு வெளியேறினார்' என்று வந்தது. அடுத்து லெட்சுமி. வீரம்மாவுக்கு வெளியேறத் தெரியாது, ஆனாலும் வெளியேறினார். லெட்சுமியின் விரலாகத்தான் இருக்கும்.

வாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா? ஒருத்தரும் இல்ல. நாம ரெண்டே பேருதான்."

முகுந்தன் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டை விரல் மட்டும் அசைந்தது. வாணியின் கையிலிருந்த போன் மணியடித்தது.

'முகுந்தன் வெளியேறினார்.'

ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான் மனுஷன். தோள் இடிக்கிற தூரம். அங்கிருந்து வெளியேறிவிட்டான்.

"அம்மா அழுவுறாங்க வாணி" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "ராகு காலம் வேற. அடுத்த வருஷம் நல்ல நேரமா பாத்து, எல்லாருமா சேர்ந்து..."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்பாக இருந்தது. பதினைந்து வருஷமாக இவனை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கப் பார்த்தாளே, பிரிப்பதற்கு அங்கே தனியாக ஓர் ஆள் இருந்தால்தானே?

"கடைசியா கேக்குறேன். வரீங்களா, இல்லியா?"

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்த..."

வாணி மேலே கேட்கவில்லை. புக்கிங் பக்கத்தைத் திறந்து, எத்தனை பேர் என்ற இடத்தில் இருந்த இரண்டை ஒன்றாக்கினாள். முகுந்தன் எட்டிப் பார்த்துப் பதறினான்.

"ஏய், யாருக்கு டிக்கெட் எடுக்குற?"

"குரூப்ல இருக்கிற எல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு, பணம் கட்டும் பொத்தானை அழுத்தினாள்.