ஆசை இல்லாத ஆள் சொல்லும் விலை

பழைய காரை ஏலத்தில் விற்பது எப்படி என்று எல்கார்ட் பழங்கார் சங்கத்தில் யாருக்கு யோசனை வேண்டுமானாலும் வெர்லினிடம்தான் போவார்கள். போகாதவர்களையும் அவர் விடமாட்டார். பெட்ரோல் பங்கில் பக்கத்தில் நிற்கிறவன் வீட்டில் அப்பா காலத்து ஃபோர்டு ஒன்று தூங்குகிறது என்று தெரிந்தால் போதும், அவன் பாடு திண்டாட்டம்தான்.

"எஞ்சினைத் துடை, கழுவாதே. கழுவின எஞ்சினைப் பார்த்தா, எங்கேயோ எண்ணெய் ஒழுகுது, மறைச்சிருக்கான்னு நினைப்பாங்க. பழைய பெயின்ட் மேல கையே வைக்காதே. புதுசு எப்ப வேணா அடிக்கலாம், பழசைத் திருப்பி அடிக்க முடியுமா? குறை இருந்தா நீயே முதல்ல சொல்லிடு. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வண்டி மேடை ஏறணும். காலையில போனா கூட்டம் கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கும், சாயங்காலம் போனா ஒருத்தன் பையிலயும் காசு இருக்காது."

இத்தனையும் சொல்லிவிட்டு, கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் விரலை உயர்த்துவார். அது அடிவிலையைப் பற்றியது. இதற்குக் கீழே போனால் விற்கமாட்டேன் என்று வண்டிக்காரர் ஏலக் கம்பெனிக்கு ரகசியமாகச் சொல்லிவைக்கும் விலை அது.

"அடிவிலையை வண்டிக்காரன் வைக்கவே கூடாது. அந்த வண்டி மேல ஆசை இல்லாத ஆள்தான் வைக்கணும். ஆசை வந்துட்டா கணக்கு வராது."

உதாரணத்துக்குச் சங்கத்து ஆர்வில்லின் பியூக் காரைக் காட்டுவார். ஆர்வில் தன் இஷ்டத்துக்கு ஒரு விலையை வைத்து, ஒவ்வொரு வருஷமும் ஏலத்துக்கு இழுத்துப் போய், ஒவ்வொரு வருஷமும் திரும்ப இழுத்து வருவார். சங்கத்தில் அந்தக் காருக்கு வீட்டுப் புறா என்று பெயர்.

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனிதர்தான் ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நடீனின் கார் ஷெட்டில், ஒரு பழைய ஸ்டூட்பேக்கர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் வந்து நின்ற நடீனின் செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"வெர்லின், இந்தக் காரை வித்துடலாம்னு இருக்கேன்."

"நல்ல யோசனை" என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது. முகம் தெரியாத இடத்தில் படுத்திருந்தது அவர் செய்த புண்ணியம்.

அந்தக் கார் நடீனின் கணவர் கிளென்னுடையது. ஐம்பத்து மூன்றாம் வருஷத்து மாடல், பக்கத்து ஊரான சவுத் பெண்டில் பிறந்தது, வெளிறிய பச்சை நிறம். கிளென்னும் வெர்லினும் உள்ளேயே தங்கிப் பயணம் போகிற கேம்பர் வண்டி செய்யும் ஆலையில் ஒரே வரிசையில் வேலை பார்த்தவர்கள். அந்தக் காரை இருவருமாகச் சேர்ந்துதான் ஓட வைத்தார்கள். கிளென் தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது. அவர் போன பிறகும் வெர்லின் வியாழக்கிழமை தவறாமல் வந்தார். பழைய கார், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்பது காரணம்.

உண்மையில், வயசான வண்டிக்கு உரிய சில்லறைக் குறைகளைத் தவிர அந்தக் காருக்கு ஒரு கோளாறும் இல்லை. நன்றாக இருக்கிற வண்டியில் வாராவாரம் வேலை கண்டுபிடிப்பது லேசான காரியமா? போன வாரம் மாட்டியதை இந்த வாரம் கழற்றுவார், இந்த வாரம் கழற்றியதை அடுத்த வாரம் மாட்டுவார். நடுவில் நடீன் காபி கொண்டு வருவாள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ள, அவர் காரில் சாய்ந்து நின்றபடி குடிப்பார். அவளுடைய தங்கை ஃபோர்ட் வெய்னில் வாங்கிய வீட்டின் கூரை ஒழுகுவதைப் பற்றியும், தேவாலயத்துப் புதுப் பாதிரியாரின் நீளமான பிரசங்கத்தைப் பற்றியும் பேசிச் சிரிப்பார்கள். அப்புறம் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போன நாளிலிருந்து அந்த வீட்டில் அவருடைய குரலைத் தவிர வேறு குரல் கிடையாது. அடுத்த வியாழன் வரைக்கும் அந்தக் காபி நேரத்தை வைத்துத்தான் காலத்தை ஓட்டினார். கிளென் இருந்தவரை நடீனை அவர் ஒரு நாளும் வேறு மாதிரி நினைத்ததில்லை. நினைப்பு எப்போது மாறியது என்று அவருக்கே தெரியாது. மாறிவிட்டது, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

வெர்லின் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும், "அடிவிலை என்ன வைக்கலாம்?" என்று நடீன் கேட்டாள். "உங்க விதிப்படி ஆசை இல்லாத ஆளைத்தானே கேட்கணும்? அதான் உங்களைக் கேட்கறேன்."

முப்பதாயிரம் டாலர் வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய கார் அது. ஆர்வில் கேட்டிருந்தால் இருபத்தெட்டு என்று சொல்லியிருப்பார். கார் போய்விட்டால் வியாழக்கிழமையும் அதோடு போய்விடும் என்பது அந்த நேரத்தில்தான் அவருக்கு நெஞ்சில் உறைத்தது.

"அறுபத்தஞ்சு வைங்க" என்றார், டயரைப் பார்த்தபடி.

"அறுபத்தஞ்சாயிரமா?"

"இந்த மாதிரி வண்டி இப்ப எங்க கிடைக்குது?"

நடீன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே ஏலக் கம்பெனிக்கு ஃபோன் போட்டு அந்த எண்ணைச் சொன்னாள். வெர்லின் மறுபடியும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

செப்டம்பர் முதல் வார விடுமுறையில் ஏலம். சோளக்காட்டை ஒட்டிய மைதானம் முழுக்கக் கார்கள். பொரித்த மாவின் மேல் சர்க்கரை தூவி விற்கிற கடையிலிருந்து எண்ணெய் வாசனை வந்துகொண்டே இருந்தது. நடீன் காலையிலிருந்து காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அதுவும் வெர்லின் சொன்ன யோசனைதான். ஆர்வில் கையில் எலுமிச்சை ஜூசோடு வந்து சேர்ந்தார்.

"யோவ் வெர்லின், இந்தம்மா வண்டிக்காவது தாராளமா விலை வச்சியா? என் பியூக்குக்கு நீ சொன்ன விலையைக் கேட்டுட்டு ரெண்டு நாள் நான் சாப்பிடலய்யா."

"உன் வண்டிக்கு அதுவே அதிகம். புறாக் கூண்டு வாங்கத் தனியா காசு வச்சிக்கோ."

"பாருங்கம்மா, இந்த ஆள் மனசு கல்லு. இவனைப் பெத்த தாய் ஓட்டின வண்டியா இருந்தாலும் ரெண்டாயிரம் குறைச்சுதான் சொல்வான்."

நடீன் சிரித்தாள். வெர்லினுக்குக் காது இரண்டும் சிவந்தது.

மத்தியானத்துக்கு முன்னால் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். ஒகையோவில் பால் லாரி ஓட்டுகிறவள். காரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, புல்லில் மண்டியிட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வாங்கிவிடுவாள் போலிருந்தது. குறையை முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற தன் விதி அப்போது வெர்லினுக்கு ரொம்பச் சௌகரியமாக நினைவுக்கு வந்தது.

"இடது கதவு சரியா மூடாதுங்க, இழுத்துச் சாத்தணும். மழையில டிக்கி ஒழுகும். ரெண்டாவது கியர் குளிர்காலத்துல முனகும். பெட்ரோல் முள்ளு பொய் சொல்லும். வைப்பர் ஒண்ணு..."

"போதும், போதும்" என்று அந்தப் பெண் எழுந்தாள். "காலையிலேருந்து இருபது பேர்கிட்ட பேசிட்டேன். ஒருத்தன் வண்டிலயும் ஒரு குறை கூட இல்லையாம். நீங்க ஒருத்தர்தான் உண்மை பேசறீங்க. ஓட்டறதுக்கு எப்படி இருக்கும்? நான் வாங்கினா ஷெட்டுல பூட்டி வைக்கமாட்டேன், தினம் ஓட்டுவேன்."

"வெண்ணெய் மாதிரி ஓடும்" என்றாள் நடீன், வெர்லின் வாயைத் திறப்பதற்குள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அவர்கள் முறை வந்தது. வெர்லின் காரை ஓட்ட, பக்கத்து இருக்கையில் நடீன். மேடையில் ஏறி விளக்கு வெளிச்சத்தில் நின்றதும் ஏலக்காரர் மூச்சு விடாமல் பாட ஆரம்பித்தார். பதினைந்து, இருபது, இருபத்தைந்து என்று சுலபமாக ஏறியது. இருபத்தெட்டில் ஒரு வழுக்கைத்தலையர் கழன்றுகொண்டார். சிவப்புச் சட்டைக்காரியும் தொப்பி போட்ட ஒருவரும் மட்டும் மிஞ்சினார்கள். முப்பத்தொன்றில் அவளுடைய கை நின்றது. தொப்பிக்காரர் கூரையைப் பார்த்தார். ஏலக்காரர் இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தும் கூட்டத்தில் அசைவில்லை.

ஏலக்காரரின் ஆள் ஒருவன் ஓடிவந்து நடீன் பக்கத்து ஜன்னலில் குனிந்தான்.

"அம்மா, முப்பத்தொண்ணுல நிக்குது. இதுக்கு மேல கூட்டத்துல தெம்பு இல்ல. அடிவிலையை எடுத்துடலாமா? எடுத்தா இப்பவே வித்துடும். இல்லேன்னா அப்படியே வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போங்க. சீக்கிரம் சொல்லணும்மா."

நடீன் வெர்லின் பக்கம் திரும்பினாள். "என்ன பண்ணலாம்?"

வேண்டாம் என்ற ஒரு வார்த்தை போதும். கார் வீட்டுக்கு வந்துவிடும். அடுத்த வியாழக்கிழமையும் அதற்கடுத்த வியாழக்கிழமையும் காபியும் பேச்சும் அப்படியே இருக்கும். யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை. ஏலம் மந்தம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஊரே சொல்லும். அந்த வார்த்தை அவருடைய நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

நடீன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை நம்பிக் கேட்கிறவளை ஏமாற்றி, அவள் கையால் வாங்கிக் குடிக்கிற காபி தொண்டையில் இறங்குமா? இறங்காது என்று அவருக்குத் தெரிந்தது. இவளை விரும்புகிறோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இவளுக்கே துரோகம் செய்வதா?

"எடுத்துடச் சொல்லுங்க" என்றார். "நல்ல விலை நடீன். இதுக்கு மேல எங்கேயும் வராது. அறுபத்தஞ்சுன்னு நான் சொன்னது விலையே இல்ல. பொய். மன்னிச்சிடுங்க."

"எடுத்துடுங்க தம்பி" என்றாள் நடீன்.

அடிவிலை போயிற்று, வண்டி நிச்சயம் விற்கும் என்று ஏலக்காரர் கத்தியதும் கூட்டத்துக்குப் புது உயிர் வந்தது. தொப்பிக்காரர் மறுபடி கை தூக்கினார். சிவப்புச் சட்டைக்காரி விடவில்லை. முப்பத்து மூன்றில் சுத்தியல் அவளுக்காக விழுந்தது. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குதித்தாள். அதைப் பார்த்து வெர்லினுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சு வெறிச்சோடிப் போயிருந்தது.

காரை மேடையிலிருந்து இறக்கி, பின்பக்கத் திரையைத் தாண்டி மைதானத்துக்குக் கொண்டு வந்தார். அங்கே, ஊருக்கெல்லாம் கார் யோசனை சொல்கிற மனிதர், கிளட்சை விட்ட வேகத்தில் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் நடீன்.

"எது?"

"அறுபத்தஞ்சு அபத்தம்னு. நாற்பது வருஷம் கிளென்னோட குடித்தனம் பண்ணவ. ஸ்டூட்பேக்கர் என்ன விலைன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஃபோன்ல சொன்னீங்க?"

"ஆசை இல்லாத ஆள்தான் விலை சொல்லணும்னு ஊரெல்லாம் தண்டோரா போட்டது யாரு? ஊருக்கெல்லாம் குறைச்சுச் சொல்ற ஆளு எனக்கு மட்டும் ரெண்டு மடங்கு சொன்னார். சரி, இந்த மனுஷனுக்கு ஆசை இருக்குன்னு புரிஞ்சுபோச்சு. எது மேலன்னுதான் புரியல. நேரா கேட்டா நீங்க சொல்லப் போறீங்களா? திரும்பவும் காருக்கு அடியில போய்ப் படுத்துக்குவீங்க. அதனாலதான் மேடை வரைக்கும் வந்து கேட்டேன்."

வெர்லின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"விக்க வேண்டாம்னு சொல்லியிருந்தீங்கன்னா" என்று நடீன் மெதுவாகத் தொடர்ந்தாள், "ஆசை கார் மேலதான்னு நினைச்சு, சாவியை உங்க கையிலேயே குடுத்திருப்பேன். எடுத்துட்டுப் போங்க, சந்தோஷமா இருங்கன்னு சொல்லிட்டு, நான் வீட்டுக்குப் போய் ஒரு மூச்சு அழுதிருப்பேன்."

அவருக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் பக்கம் திரும்பினார்.

"கார் மேல இல்ல நடீன்" என்றார்.

"அதான் இப்ப தெரிஞ்சுபோச்சே."

"அப்ப வியாழக்கிழமை... நான் எதைச் சொல்லிக்கிட்டு வர்றது? ஷெட்டு காலி."

"அதுக்காகத்தானே வித்தேன்" என்றாள் நடீன். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. "மூணு வருஷமா ஷெட்டுக்குக் காபி தூக்கிட்டு வந்து வந்து எனக்குக் கால் வலிக்குது. இனிமே எதையும் சொல்லிக்கிட்டு வர வேண்டாம். சும்மா வாங்க. முன்வாசல் வழியா வாங்க, சோபாவுல உட்காருங்க. வியாழக்கிழமைதான்னும் இல்ல."

பின்னால் ஒரு கேடிலாக் ஹாரன் அடித்தது. மேடையிலிருந்து இறங்கிய கார்கள் வரிசையாக நின்றுவிட்டிருந்தன. பச்சைப் பனியன் போட்ட மைதானக்காரன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"பெரியவரே, வண்டியை எடுங்க! அதான் வித்தாச்சே, இன்னும் எதுக்குக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

வெர்லினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எஞ்சினைக் கிளப்பிவிட்டார், ஆனால் முன்னால் இருந்த வழி கண்ணீரில் கலங்கித் தெரிந்தது. நடீன் கையை நீட்டி, கியர் பிடியின் மேல் இருந்த அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா விடுங்க" என்றாள். "நான் வழி சொல்றேன்."