மேனேஜருக்குப் பசியில்லை

1

இந்தக் கதை ஒரு கைப்பிடி மீன் தீனியில் தொடங்கியது. சரி, மூன்று கைப்பிடி. கொட்டியவர் ஓர் எழுத்தாளர். அது பகுதிநேரம், முழுநேரம் அப்பா. ('நான்' என்று எழுதினால் மகள் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே 'அவர்'.)

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறு குளம் மகளுடையது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகும்போது அவள் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றுதான்: "குளிர் வந்துட்டா தீனி போடாதீங்கப்பா. அதுங்களுக்குச் செரிக்காது. அடியில சும்மா கிடக்கும், விட்டுடுங்க."

குளிர் வந்தது. மீன்கள் அடியில் போய்க் கிடந்தன. 'சாப்பிட்டியா?' என்று கேட்காமல் யார்மீதும் பாசம் வைக்கத் தெரியாத மனிதர், எத்தனை நாள்தான் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்? கொட்டினார். ஒன்றும் மேலே வரவில்லை. இன்னும் கொட்டினார். தீனி ஊறி, அழுகி, தண்ணீர் நாறியது. கடைசியில் ஒருவர் மட்டும் வந்தார்: மேனேஜர். (பெரிய ஆரஞ்சு மீன். எல்லோரும் தின்று முடித்த பிறகே நிதானமாக வருவதால் மகள் கொடுத்த பதவி.) வந்தவர் ஒருக்களித்து மிதந்தார்.*

2

ஆரம்பம், முதல் முயற்சி: "மௌனம் உறைந்த குளத்தின் மீது..."

என்ன மௌனம்? இவர் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றியபடி தும்மிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முயற்சி: "மகளின் அறையில் அவள் விட்டுப்போன செருப்பு..."

வேண்டாம். அந்த அறைக்குள் போனால் கதை வெளியே வராது.

3

கைவசம் இரண்டு முடிவுகள்.

மேனேஜர் இறக்கிறார். சேதி கேட்ட மகள் அடுத்த வண்டியைப் பிடித்து ஓடி வருகிறாள். குளக்கரையில் அப்பாவும் மகளும்... (இதற்காகத்தான் கதையே.)

மேனேஜர் பிழைக்கிறார். மகள் வரவில்லை. (இதை யார் படிப்பார்கள்?)

முதலாவதை எழுதி மகளுக்கு அனுப்பினார். அந்நேரம் நிஜ மேனேஜர் புதுத் தண்ணீரில் நிமிர்ந்து, அடியில் அசையாமல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்.

4

போன் அடித்தது.

"அப்பா, மேனேஜர் நெஜமாவே போயிட்டாரா?"

"சேச்சே. கதையிலதான்மா."

"அவரை எதுக்குக் கொன்னீங்க?"

"கதைன்னா ஒரு கனம் வேணும்ல..."

"அப்பா!"

"நீ வருவேன்னுதான்."

அவசரமாகக் குரலை மாற்றிக்கொண்டார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"பேச்சை மாத்தாதீங்க. கேக்க வேண்டியத கேளுங்க."

இத்தனை மாதமாக 'எப்ப வர்றே?' என்பார், 'பாக்கலாம்பா' என்பாள். இருவருக்கும் அது வசதியாக இருந்தது. இப்போது வேறு கேள்வி கேட்டார்.

"திரும்ப வந்து இங்கயே இருப்பியாம்மா?"

வாசகரே, பதிலை நீங்களே நிரப்பிக்கொள்ள இங்கே ஒரு கோடு விட்டிருந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"இல்லப்பா. இனிமே என் வீடு இங்கதான். வெயில் வரட்டும், லீவு போட்டு வந்து உங்களையும் அவரையும் பாக்கறேன். அதுவரைக்கும் அவரை நிம்மதியா விடுங்க." போனை வைக்கப் போனவள் சேர்த்துக்கொண்டாள்: "அப்புறம்... சாப்பிட்டேன்பா."

* பசியில்லாதவருக்கு ஊட்டுவது அன்பா, தொல்லையா என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. மகள் படித்த பிறகு நீக்கப்பட்டது.