ஜப்பான் பொம்மையின் முதுகு

...பஞ்சில் ஒன்றும் ஒட்டவில்லை, அப்பாடா, நனைத்த பஞ்சால் அந்தச் சுண்டுவிரல் உயரப் பீங்கான் பொம்மையின் கன்னத்தை எத்தனை தேய்த்தாலும் சிவப்பு வரவில்லை, உதட்டிலும் வரவில்லை, ஜப்பான் பொம்மையானால் சுட்டபின் பூசிய சாயம் இந்நேரம் பஞ்சுக்கு வந்திருக்கும், அப்படியென்றால் இது சூளையில் வெந்த சாயம், ஜெர்மன்தான், பாட்டு டீச்சரின் பணம் பாழாகவில்லை... அவளுக்கு எதிரே டீச்சர் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "யாரோ ஒருத்தி ஜப்பான் மாதிரி இருக்குன்னு கொளுத்திப் போட்டுட்டா அக்கா, தூக்கமே போச்சு. நீங்க பார்த்து ஜெர்மன்னு சொல்லிட்டீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னதாலதானே கண்ணை மூடிட்டு வாங்கினேன்." நான் எப்போது பார்த்தேன், பார்த்திருப்பேன், எத்தனை பொம்மை கையில் வந்து போகிறது, மறந்திருப்பேன், கல்லாவில் உட்காருகிற மனுஷன் இல்லாததையா சொல்லப்போகிறார், இந்தக் கடைக்கு இருக்கும் ஒரே முதல் என் வாக்குதான் என்று அவருக்குத் தெரியாதா...

ஆனால் கன்னம் ஏன் மினுங்குகிறது? பிஸ்க் என்றால் மெருகு பூசாத பீங்கான், முட்டை ஓடு மாதிரி மங்கலாக அல்லவா இருக்க வேண்டும், ஜன்னல் வெளிச்சம் இதில் வழுக்கிக்கொண்டு போகிறதே, நிறமில்லாத வார்னிஷை யாரோ மேலே பூசியிருக்கிறார்கள், சாயம் பஞ்சுக்கு வராமல் இருக்க... யாரோ. அப்போதுதான் அந்த இடது புருவம் கண்ணில் பட்டது, நெற்றிக்குப் பாதி ஏறிப்போன புருவம், அடி பாவி, உன்னை எனக்குத் தெரியுமே, "பாருங்க, அவசரத்துல வரைஞ்சிருக்கான், சந்தேகக்காரி மாதிரி முழிக்கிறா" என்று நான்தானே சிரித்தேன், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றாரே, மலிவுச் சரக்கோடு கீழ் டிராயரில் என் கையாலேயே போட்டேனே. பொம்மையை முதுகுப்பக்கம் திருப்பினாள். தோள்களுக்கு நடுவே ஜப்பான் என்று அச்சு அழுந்தியிருந்த இடத்தில் கட்டைவிரல் லேசாக இறங்கியது, சுற்றிலும் ரவை ரவையாக இருக்க அங்கே மட்டும் வழவழ. அரத்தால் ராவியிருக்கிறார். ராவின இடம் வெளுத்துக் காட்டிக்கொடுக்க வேண்டுமே, ஏன் இப்படிப் பழுப்பாக... தேயிலைத் தண்ணீர். வேறொரு வியாபாரியின் பித்தலாட்டத்தைப் பற்றி அவளேதான் ஒருநாள் அவரிடம் சொல்லியிருந்தாள், அவர் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், அவள் மூச்சுவிடாமல் வார்னிஷ், அரம், தேயிலை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் "கரண்ட் பில் கட்டியாச்சா?" என்று கேட்டார்.

"நல்லாத்தானே இருக்குக்கா?" என்றாள் டீச்சர். ஆமாம் என்று ஒரு வார்த்தை, அதோடு டீச்சர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவாள், இவர் மானமும் பிழைக்கும், தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிருந்தது, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், நிற்கட்டும். "இது ஜப்பான், டீச்சர். பேரை ராவி எடுத்திருக்கு. நான் ஜெர்மன்னு சொல்லவே இல்ல." டீச்சரின் முகம் சுருங்கியது. "அப்போ அவரு...?" என்ன சொல்வது, இந்த மனுஷனிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று என்று தங்கையிடம் எத்தனை தரம் அழுதிருப்பேன், பொம்மைப் பேச்சை எடுத்தாலே கொட்டாவி விடுகிறார் என்று, கடைசியில் பார்த்தால் ஒன்றுவிடாமல் உள்ளே வாங்கியிருக்கிறார், என் வித்தையைக் கற்றுக்கொண்டு என் பெயரையே விற்றிருக்கிறார், துரோகி, துரோகி... நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவே, சீ, இதென்ன வெட்கங்கெட்ட மனசு, துளியூண்டு சந்தோஷமும் தலைகாட்டியது, அவ்வளவையும் கேட்டிருக்கிறாரே.