மாமாவின் ஸ்நார்க்கல்

“முதுகுல சிலிண்டர் இருக்கறப்போ ஸ்நார்க்கல் எதுக்குடா? நீ என்ன கைக்குழந்தையா?” படகு கிளம்பியதுமே, அக்கா வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் என் மானத்தை வாங்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, நீர்மட்டத்தில் மிதக்கும்போது மூச்சுவிட உதவும் அந்த வளைந்த குழாயை முகமூடியின் வாரில் மாட்டினேன்.

பெரிய சூரர் கடலுக்கடியில் மீனைத் துரத்தியே சிலிண்டரைக் காலி செய்தார். மேலே வந்தால் நீரோட்டம் எங்களைப் படகிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்தது. அலை முகத்தில் அறைய, மூச்சிழுத்தபோதெல்லாம் தண்ணீர் குடித்தார். கண்கள் பிதுங்கின. என் ஸ்நார்க்கலைக் கழற்றி அவர் வாயில் திணித்தேன். என் சிலிண்டரும் சீக்கிரமே தீர்ந்தது. படகு வரும்வரை கடலை நான் குடித்தேன்.

கரையில் காத்திருந்த அக்கா, குடல் வெளியே வருகிற மாதிரி நான் இருமுவதைப் பார்த்துப் பதறினாள். என் ஸ்நார்க்கல் காதோரம் தொங்க, மாமா சொன்னார்: “இது இல்லாம இறங்காதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். உன் தம்பி கேட்டாத்தானே?”

படகோட்டி குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா சொன்னா கேக்க மாட்டியாடா?” அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

கெட்ட வார்த்தை ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.